இரும்புக்கு ஒரு வயது, ரப்பருக்கு ஒரு வயது

பழைய கார் வாங்கப் போகிறவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே மீட்டரைப் பார்த்துவிடுகிறார். 60,000 கிலோமீட்டர் என்றால் முகம் மலர்கிறது, 2 லட்சம் என்றால் பேரம் படிவதில்லை. பழைய ஜெர்மன் கார்களைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் ஆளைத் தவறான வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, ஃபோக்ஸ்வாகன் எதுவானாலும் அவற்றைப் பற்றி இரண்டு பேச்சுகள் அருகருகே உலவுகின்றன. அந்தக் காலத்து ஜெர்மன் வண்டி இரும்பு மாதிரி, பேரன் காலத்துக்கும் ஓடும் என்பது ஒன்று. பத்து வயதான ஜெர்மன் வண்டியை வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் அனுபவப்பட்டவர்கள்தான், இரண்டிலும் பொய் இல்லை. காரணம், ஒரு காருக்கு இரண்டு வயது இருக்கிறது. எஞ்சினின் இரும்பும் அலுமினியமும் ஓடிய தூரத்தால் மூப்படைகின்றன. ரப்பர், பிளாஸ்டிக், எண்ணெய், ஒயர்களின் மேலுறை ஆகியவை ஆண்டுக் கணக்காலும் பட்ட வெப்பத்தாலும் மூப்படைகின்றன. ஏன் சூடாகிறது, ஏன் ஆயில் கசிகிறது, ஏன் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகிறது என்று இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டாவது வயதில்தான் பதில் இருக்கிறது.

முதலில் உலோகத்தின் பக்கத்தைப் பார்ப்போம். கிரேக்க நாட்டின் தெஸ்ஸலோனிக்கி நகரத்து டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ், 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி டீசல் கார் ஒன்றில் 46 லட்சம் கிலோமீட்டர் கடந்தார். 2004ல் அந்தக் கார் மெர்சிடிஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத் தொகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே எஞ்சினில் நடந்த சாதனை இல்லை அது. எஞ்சினைக் கழற்றிப் பழுதுபார்த்து, மாற்றி மாற்றிப் பொருத்தியே ஓட்டினார். அடுத்த தலைமுறையான டபிள்யூ123 கார் 1976 தொடக்கத்தில் வெளிவந்து பத்தாண்டுகளில் சுமார் 27 லட்சம் விற்றது. ஜெர்மனியில் டாக்ஸியாக உழைத்து முடித்தபின் மொராக்கோ நாட்டில் இன்னொரு முழு ஆயுள் டாக்ஸியாகவே ஓடியது. இதில் மாயம் எதுவும் இல்லை. ஓடும் எஞ்சினில் தண்டும் பேரிங்கும் நேரடியாக உரசுவதில்லை, இடையில் ஆயில் படலம் ஒன்று இரண்டையும் பிரித்து நிறுத்துகிறது. தேய்மானத்தின் பெரும்பகுதி நடப்பது காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் சில நொடிகளிலும், அது சூடேறும் சில நிமிடங்களிலும்தான். காலையில் ஒரு முறை கிளப்பி இரவு வரை ஓடும் டாக்ஸிக்கு அந்த நிமிடங்கள் குறைவு. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வீட்டுக் காருக்கு அந்த நிமிடங்கள்தான் வாழ்க்கை முழுவதும். ஆகவே எஞ்சினைப் பொறுத்தவரைகூட மீட்டரின் எண் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

ரப்பரின் கதை வேறு. மரத்துப் பாலில் செய்ததோ ஆலையில் தயாரித்ததோ, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை ஆங்காங்கே, பெரும்பாலும் கந்தகப் பாலங்களால், முடிச்சுப் போட்டு வைப்பதால்தான் ரப்பர் நீண்டு மீள்கிறது. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்த முடிச்சுகளைக் கூட்டிக்கொண்டே போகின்றன, சில இடங்களில் சங்கிலியையே அறுக்கின்றன. மென்மைக்காகக் கலந்த எண்ணெய்ப் பொருள் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. காற்றில் இருக்கும் ஓசோன், ரப்பர் இழுபட்டு நிற்கும் இடங்களில் இழுவைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. இவை நடக்க வண்டி ஓட வேண்டிய அவசியமே இல்லை. டபிள்யூ123 டீசல் கார் இதற்கு அருமையான பாடம். அதில் எஞ்சினை நிறுத்துவதும் கதவுகளைப் பூட்டுவதும் வெற்றிடத்தின் வேலை. எஞ்சினோடு ஓடும் பம்ப் ஒன்று வெற்றிடத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது மெல்லிய குழாய் வழியே டீசல் பம்பின் மேலிருக்கும் சிறு டப்பாவை எட்டி, உள்ளே உள்ள ரப்பர் சவ்வை இழுத்து, எரிபொருளை அடைக்கும். குழாய்களை இணைப்பவை விரல்கணு அளவேயான ரப்பர்த் துண்டுகள். நாற்பது ஆண்டு கழித்து அவற்றை நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடமே பதியாது. ஏதோ ஒரு துண்டு விறைத்துக் காற்றை உள்ளே விட்டால், சாவி கையில் இருக்கும், எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்புகோலை அழுத்தினால்தான் அடங்கும். மெக்கானிக் டீசல் பம்பைச் சந்தேகிப்பார். கோளாறோ பல நேரம் பின்கதவுப் பூட்டுக்குள் கிழிந்து கிடக்கும் ஒரு சவ்வில் இருக்கும்.

பிளாஸ்டிக் இன்னும் நுட்பமானது. ரேடியேட்டரின் ஓரத் தொட்டிகள், கூலன்ட் விரிவதற்கு இடம் தரும் விரிவுத் தொட்டி, தெர்மோஸ்டாட்டின் கூடு, ஹோஸ் மாட்டும் கழுத்துகள் ஆகியவை பெரும்பாலும் நைலான் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை; பலவற்றில் உறுதிக்காகக் கண்ணாடி இழையும் கலந்திருக்கும். நைலானின் மூலக்கூறு பிறக்கும்போது ஒவ்வொரு கண்ணியும் இணைய ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறுகிறது. சூடான தண்ணீர் அந்த வினையைத் திருப்பிவிடும். கூலன்ட் என்பது பாதிக்குப் பாதி கிளைக்காலும் தண்ணீரும்தானே? பல ஆண்டு அந்தச் சூட்டுநீரில் ஊறும் நைலானில் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெளிப்பார்வைக்குத் தொட்டி மஞ்சளிப்பதும் பழுப்பதும் தவிர வேறு அடையாளம் இருக்காது. கழற்றும்போது கழுத்துப் பகுதி பொரித்த அப்பளம் மாதிரி கையில் பொடிந்துவிடும். ஹோஸை மாற்றப் போய் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதாயிற்று என்று கார்க்காரர்கள் மெக்கானிக்கைக் குறைசொல்வது இதனால்தான். பெரும்பாலும் அதில் மெக்கானிக்கின் தவறு எதுவும் இல்லை. அந்தக் கழுத்து அவர் தொடுவதற்கு வெகு காலம் முன்பே செத்துவிட்டது.

சரி, எல்லா நாட்டுக் கார்களிலும் ரப்பரும் நைலானும் உண்டே, ஜெர்மன் கார்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பெயர்? இங்கேதான் வெப்பநிலை வருகிறது. ஸ்வீடன் வேதியியலர் ஸ்வாந்தே அரீனியஸ் 1889ல் வெப்பத்துக்கும் வினை வேகத்துக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கினார். அதிலிருந்து வந்த கைக்கணக்கு ஒன்று பொறியாளர்களிடம் புழங்குகிறது: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இப்போது எண்களைப் பாருங்கள். டபிள்யூ123 டீசலின் தெர்மோஸ்டாட் 80 டிகிரியில் திறக்கும். 1990களின் இறுதியில் வந்த பிஎம்டபிள்யூ ஈ46 காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் அது 97 டிகிரி. அதற்கடுத்து வந்த என்52 எஞ்சினில், நிதானமாக ஓட்டும்போது கூலன்ட் 112 டிகிரி வரை ஏற மின்னணுக் கட்டுப்பாடே அனுமதிக்கிறது, வேகமெடுத்தால்தான் இறக்குகிறது. கைக்கணக்கின்படி 80லிருந்து 97க்குப் போனால் சிதைவு மூன்று மடங்குக்கும் மேல், 112க்குப் போனால் சுமார் ஒன்பது மடங்கு. ஆய்வகத்தில் அளந்த எண்ணாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் கணக்கு மாறும், எஞ்சின் எப்போதும் உச்ச வெப்பத்தில் ஓடுவதும் இல்லை. ஆனால் போக்கு தெளிவு. 80 டிகிரியில் முப்பது ஆண்டு தாங்கும் பொருள் 97 டிகிரியில் பத்தாண்டைத் தாண்டாது. டபிள்யூ123ன் ரேடியேட்டர்களிலும் பிளாஸ்டிக் கழுத்து உண்டு, அதுவும் உடைந்தது. உடைய நீண்ட காலம் எடுத்தது, அவ்வளவுதான். இரும்பு வண்டி என்ற பேச்சும் யானை என்ற பேச்சும் பிரியும் இடம் இந்த முப்பது டிகிரி இடைவெளிதான்.

வெப்பத்தைக் கூட்டியது பொறியாளர்களின் அலட்சியம் இல்லை. சூடான ஆயில் இளகி ஓடும், உராய்வு குறையும், எரிபொருள் முழுமையாக எரியும், புகையில் நச்சு குறையும். விலை கொடுத்தது பிளாஸ்டிக்கும் ரப்பரும். உடையும் நாளில் நடப்பதையும் இயற்பியல் வழியாகப் புரிந்துகொள்வது நல்லது. வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் 108 டிகிரி அளவில். மூடிய குளிர்விப்பு அமைப்பில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால்தான் 112 டிகிரியிலும் கூலன்ட் திரவமாகவே நிற்கிறது, நம் வீட்டு பிரஷர் குக்கரைப் போல. தொட்டியில் ஒரு கீறல் விழுந்து அழுத்தம் இறங்கிய அந்த நொடியே கூலன்ட் கொதித்து ஆவியாகிறது. ஆவியால் உலோகத்தின் சூட்டைத் தண்ணீர் அளவுக்குக் கடத்திச் செல்ல முடியாது. அலுமினிய சிலிண்டர் ஹெட் சீரற்றுச் சூடாகி வளைகிறது. வெப்பமானியின் உணரி சில சமயம் ஆவிக்குள் மாட்டிக்கொண்டு உண்மையைச் சொல்லாது. வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்: கூலன்ட் எச்சரிக்கை வந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். சூடான தொட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது.

ஆண்டுகளும் வெப்பமும்தான் காரணம் என்ற இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும், மூன்றும் மதிக்கத்தக்கவை. முதலாவது, திட்டமிட்டே சீக்கிரம் கெட்டுப்போகும்படி செய்கிறார்கள் என்பது. ஜெர்மனியில் புதிதாகப் பதிவாகும் கார்களில் பாதிக்கு மேல் தனியார் பெயரில் இல்லாமல் நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன; அவை மூன்று நான்கு ஆண்டில் கைமாறிவிடும். அந்த முதல் உரிமையாளருக்குத் தேவை குறைந்த எரிபொருள் செலவும், அடிக்கடி சர்வீஸுக்குப் போகாத வசதியும். ஃபோக்ஸ்வாகன் ஒரு கட்டத்தில் 30,000 கி.மீ. அல்லது இரண்டு ஆண்டு வரை ஆயிலை மாற்றாமல் ஓட்டலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது அவருக்காகத்தான். இருபதாம் ஆண்டில் அந்தக் காரை வைத்திருப்பவர் வடிவமைப்பாளரின் மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை. இதைச் சதி என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை; யாருடைய தேவைக்கு முன்னுரிமை கிடைத்தது என்பது மட்டும் தெரிகிறது. இரண்டாவது மறுப்பு ஜப்பான் கார்கள் ஏன் தாங்குகின்றன என்பது. அங்கேயும் ரேடியேட்டர்த் தொட்டி பிளாஸ்டிக்தான். டொயோட்டாவின் பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறப்பது 82 டிகிரியில். என் வாதத்துக்கு இது எதிரல்ல, பக்கபலம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: உலோகமும் கெட்டுப்போகிறதே? ஆம். 2007ல் வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் தேய்ந்து அறுந்தது பலரும் அறிந்த செய்தி. அந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கம், எஞ்சினின் பின்புறம் இருப்பதால் அதை எட்டுவதற்கே பெரும் செலவு. இது வயதால் வந்தது இல்லை, வடிவமைப்பின் குறை. எந்த எஞ்சினுக்கு என்ன பிறவிக் குறை என்பதை வாங்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும், பராமரிப்பால் அதை வெல்ல முடியாது. துருவும் அப்படித்தான். 1995ல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ210 நல்ல எஞ்சின்களைச் சுமந்துகொண்டே உடல் அரித்துப்போன கார். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் கதவின் கீழ் விளிம்பும் சக்கர வளைவும் முதலில் போகும். ரப்பரை மாற்றலாம், எஞ்சினைக்கூட மாற்றலாம். சட்டகத்தில் ஏறிய துருவை மாற்ற முடியாது. என் தீர்ப்பு இதில் கடுமையானது. அடிச்சட்டகம் அரித்த பழைய கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகிறது என்ற புலம்பலுக்கு வருவோம். ஹோஸ், தொட்டி, கேஸ்கெட், புஷ், பெல்ட் எல்லாம் ஒரே மாதத்தில் பிறந்து, ஒரே பானெட்டுக்குள் ஒரே சூட்டில் வளர்ந்தவை. அவை ஒரே பருவத்தில் சாவது இயல்பு. புதிய ரேடியேட்டர் போட்டதால் ஹோஸ் வெடிக்கவில்லை; ஹோஸின் முறையும் வந்துவிட்டது. அதனால் குளிர்விப்பு அமைப்பை உறுப்பு உறுப்பாகப் பார்க்காமல் ஒரு கூட்டமாகப் பார்க்க வேண்டும்: ரேடியேட்டர், விரிவுத் தொட்டி, மூடி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள், பெல்ட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து மாற்றுவது. நன்றாக இருப்பதை ஏன் கழற்ற வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள், நல்ல மெக்கானிக்குகளும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. சொல்லிவிட்டுச் சாகும் பாகங்கள் உண்டு. சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்தால் குழியில் இறங்கும்போது தடதடக்கும், ஜன்னல் கண்ணாடி ஏற்றும் பொறி போனால் கண்ணாடி இறங்கி நிற்கும். அவை போனபின் மாற்றினால் போதும். சொல்லாமல் சாகும் பாகங்களும் உண்டு. விரிவுத் தொட்டி, டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ் ஆகியவை கடைசி நாள் வரை ஒழுங்காக நடந்துகொள்ளும். போகும்போது சிலிண்டர் ஹெட்டையோ வால்வுகளையோ உயிரையோ சேர்த்துக் கொண்டுபோகும். இவற்றில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமே இல்லை.

ஆயில் கசிவு இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. வால்வு கவர் கேஸ்கெட் விறைத்துச் சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அளவுகோலைப் பார்த்து ஆயிலை ஊற்றிக்கொண்டு வசதிப்படும்போது மாற்றலாம். ஆனால் சொட்டு எங்கே விழுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். சூடான புகைக் குழாயில் விழுந்தால் தீய்ந்த வாடை வரும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பிஎம்டபிள்யூவின் என்52, என்54 போன்ற எஞ்சின்களில் ஆயில் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட் கசிந்தால் அது முன்பக்க பெல்ட்டின் மேல் விழும். ஆயில் ஊறிய பெல்ட் புல்லியிலிருந்து நழுவி, நார் நாராகப் பிய்ந்து, கிராங்க் தண்டின் முன்பக்க ஆயில் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் இழுபட்டுவிடும். எஞ்சினைப் பிரித்து நாரைப் பொறுக்க வேண்டிய நிலைமைக்குத் தொடக்கம் ஒரு சாதாரணக் கேஸ்கெட்.

திரவங்களுக்கும் இதே நியாயம்தான். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். காற்றிலிருந்தும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் 3.7 சதவீதம் அளவுக்கு ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆல்ப்ஸ் மலையோ நீலகிரியோ, நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால் குழாயில் நீராவி நிறையும். ஆவி அமுங்கும், மிதித்த மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. ஜெர்மன் நிறுவனங்கள் கி.மீ. எதுவானாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயில் விவகாரம் இதைவிடக் குழப்பமானது. பிஎம்டபிள்யூ தன் கையேடுகளில் அதை வாழ்நாள் முழுமைக்கும் போதுமானது என்றது. அந்தக் கியர்பாக்ஸ்களில் பலவற்றைச் செய்துகொடுத்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதைக் கேட்பதே முறை. கூலன்ட்டின் நிறத்தை நம்பவும் கூடாது. நிறம் வெறும் சாயம். ஃபோக்ஸ்வாகனின் பழைய ஜி11 நீலப்பச்சை, பின்னால் வந்த ஜி12 சிவப்பு. துருத் தடுப்பு வேதியியல் வேறான இரண்டையும் கலந்தவர்களுக்குப் பழுப்புச் சேறுதான் மிஞ்சியது.

உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், கம்பெனிப் பெட்டியில் வந்தால்தான் அசலா என்பது அடுத்த கவலை. இந்த விஷயத்தில் பழைய ஜெர்மன் கார்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 30 வயது தாண்டி, மூல நிலை மாறாத காரை ஜெர்மனி 1997 முதல் தனி எண் பலகை கொடுத்துப் பண்பாட்டுச் சொத்தாக மதிக்கிறது. ஆண்டு வரி 191.73 யூரோ என்று நிலையாக வைத்திருக்கிறது. மெர்சிடிஸ் 1993லேயே ஃபெல்பாக்கில் பழைய கார்களுக்கென்று தனி மையம் திறந்தது. கார் நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதும் இல்லை. ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் பெஹ்ர் (Behr) நிறுவனத்துடையதாக இருக்கும், சஸ்பென்ஷன் கைகள் லெம்ஃபோர்டருடையதாக இருக்கும், கேஸ்கெட் எல்ரிங்குடையதாக இருக்கும், மின் பாகங்கள் போஷுடையதாக இருக்கும். பல சமயம் அதே ஆலையின் பாகம் அதன் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதை வாங்குவதில் தவறே இல்லை. பெயர் தெரியாத மலிவு ரப்பரைத்தான் ஒதுக்க வேண்டும். ரப்பரின் தரம் கண்ணுக்குத் தெரியாது, இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். சில இடங்களில் அசலைவிட மாற்றே மேல். பிஎம்டபிள்யூவின் வானோஸ் என்னும் வால்வு நேரக் கட்டுப்பாட்டுப் பொறியில் முதலில் போட்டது நைட்ரைல் ரப்பர் வளையம், சூட்டில் விறைத்தது. அதன் இடத்தில் வைட்டான், டெஃப்லான் வளையங்கள் போட்டவர்களுக்குத் தொல்லை தீர்ந்தது. வாட்டர் பம்பின் பிளாஸ்டிக் விசிறிக்குப் பதில் உலோக விசிறியும் அப்படியே. ஆனால் எல்லாவற்றையும் உலோகமாக்கினால் அழுத்தம் அடுத்த பலவீனமான இணைப்பைத் தேடிப் போகும் என்பதை மறக்கக் கூடாது.

கண்ணில் படாத இன்னொரு மூப்பு ஒயர்களில் இருக்கிறது. 1990களின் முற்பகுதியில் செய்த மெர்சிடிஸ் டபிள்யூ124, டபிள்யூ140 கார்களில் எஞ்சின் பக்க ஒயர்களின் மேலுறை சூட்டில் காய்ந்து, வளைத்தால் உதிர்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. அதனால் வரும் கோளாறுகளுக்கு ஒழுங்கே கிடையாது. உணரியை மாற்றி, கணினியை மாற்றி, கடைசியில்தான் ஒயர் என்று தெரியவரும். ஒயர் தொகுதி மாற்றியதற்கு ரசீது இருந்தால் அந்தக் காலத்துக் காரின் மதிப்பே வேறு. பெட்ரோலில் எத்தனால் கலப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். 2011ல் ஜெர்மனியில் 10 சதவீத எத்தனால் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தபோது, பழைய கார் வைத்திருந்தவர்கள் தங்கள் எரிபொருள் ஹோஸும் அலுமினியப் பாகங்களும் தாங்குமா என்று தயங்கி ஒதுங்கினார்கள். பழைய 5 சதவீதப் பெட்ரோல் அங்கே தொடர்ந்து கிடைப்பதால் தப்பினார்கள். இந்தியாவில் இப்போது 20 சதவீதம்தான் பொதுவான பெட்ரோல். இங்கே பழைய ஜெர்மன் பெட்ரோல் கார் வைத்திருப்பவர் செய்யக்கூடியது, தொட்டியிலிருந்து எஞ்சின் வரையுள்ள ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், வண்டியைப் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்திவைக்காமல் இருப்பதும்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2007 மார்ச்சில் சென்னைக்குத் தெற்கே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை திறந்தபோது முதலில் பூட்டப்பட்ட கார் ஈ90 தலைமுறையின் 3 சீரிஸ். அதன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் வகையில் இருப்பது மேலே சொன்ன 112 டிகிரி என்52 எஞ்சினேதான். அந்தக் கார்களுக்கு இப்போது பதினைந்து வயது தாண்டிவிட்டது, விலையும் கைக்கெட்டும் தூரத்துக்கு இறங்கிவிட்டது. நம் ஊரில் பனி உறையாது என்பதால் கூலன்ட் எதற்கு, தண்ணீர் போதாதா என்கிறவர்கள் உண்டு. உறைபனிக்காக மட்டும் கிளைக்கால் கலக்கவில்லை. கொதிநிலையை உயர்த்துவதும் அலுமினியத்தை அரிக்காமல் காப்பதும் அதே கலவைதான். உப்பேறிய போர்த் தண்ணீரை ஊற்றுவது அந்த எஞ்சினுக்குச் செய்யும் துரோகம்.

இனி அப்படி ஒரு காரைப் பார்க்கப் போகும்போது மீட்டரை இரண்டாவதாகப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் பானெட்டைத் திறந்து, விரிவுத் தொட்டியின் பக்கவாட்டிலும் தெர்மோஸ்டாட் கூட்டிலும் டார்ச் அடித்துத் தேடினால் காசளவு வட்டம் ஒன்று அச்சோடு வார்த்திருக்கும். வட்டத்தின் விளிம்பில் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஒரு அம்புக்குறி, அதன் இருபுறமும் ஆண்டின் இரண்டு இலக்கங்கள். அம்பு காட்டும் மாதத்தில் அந்தப் பாகம் அச்சிலிருந்து வெளிவந்தது. அந்த ஆண்டும் காரின் ஆண்டும் ஒன்றாக இருந்தால், மீட்டரில் 40,000 இருந்தாலும், குளிர்விப்பு அமைப்பு முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.